வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிளில் உருண்டைக் குண்டு ஒரே இடத்தில் விழ என்ன செய்ய வேண்டும்?

பென்சில்வேனியாவில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் இருப்பது .50 காலிபர், அதாவது அரை அங்குலத் துளையுள்ள சக்கிமுக்கிக்கல் ரைஃபிள். குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய வரிகளின் திருகு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்த மாநிலத்தில் 1974இல் தொடங்கிய, கிறிஸ்துமஸுக்குப் பிறகு சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே ஒதுக்கப்படும் மான் வேட்டைப் பருவத்துக்கு அவர் ஆயத்தமாகிறார். கருமருந்தை, கிரெயின் என்ற சிறிய எடை அளவில், 60 கிரெயினிலிருந்து 90 கிரெயின் வரை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டார். ஆனாலும் 50 கஜத்தில் ஐந்து குண்டுகள் ஆறு அங்குலப் பரப்புக்குள் அடங்கவில்லை. எவ்வளவு மருந்து போட்டால் இது சரியாகும் என்பது அவருடைய கேள்வி.

மருந்தின் அளவு இந்தத் தேடலில் இரண்டாவதாக வர வேண்டியது. முதலில் தீர்க்க வேண்டியது, குண்டைச் சுற்றிக் குழலுக்குள் இறங்கும் துணித்துண்டு. ‘பேட்ச்’ என்று துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் அந்தத் துணி ஒழுங்காக வேலை செய்யாத ரைஃபிளில் மருந்தை எத்தனை முறை மாற்றினாலும் குரூப், அதாவது குண்டுகள் விழும் பரப்பு, சுருங்காது. சில வேளைகளில் தற்செயலாகச் சுருங்கியதுபோலத் தோன்றி, அடுத்த நாள் பழையபடி விரிந்துவிடும். கருமருந்தும் ஈயமும் வீணாவதற்கு இந்த வரிசை மாறாட்டத்தைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே துணியைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

உருண்டைக் குண்டுக்கு நீள அச்சு கிடையாது. நீண்ட கூம்புக் குண்டு தலைகுப்புறப் புரண்டுவிடாமல் இருக்க வேகமாகச் சுழல வேண்டும்; அதற்கென்றே அத்தகைய குண்டுகளுக்கான குழல்களில் 28 அல்லது 32 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று நெருக்கமான திருகு வெட்டுகிறார்கள். உருண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டைதான். அதற்குச் சுழற்சி தேவைப்படுவது, வார்ப்பில் ஒரு பக்கம் சற்றுக் கனமாகவோ சற்றுச் சப்பையாகவோ இருந்தால் அந்தக் குறை குண்டை ஒரே திசையில் இழுத்துச் செல்லாமல் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பகிரப்பட வேண்டும் என்பதற்காக மட்டுமே. இதற்கு மெதுவான திருகு போதும். செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த மலைப்பகுதி ரைஃபிள்களில் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தது. மத்திய இந்தியக் காடுகளில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் ஃபார்சைத், பெரிய விலங்குகளுக்கான பெரிய துளை ரைஃபிள்களில் திருகு இன்னும் மிக மெதுவாக இருக்க வேண்டும் என்று 1860களிலேயே வாதிட்டார். மருந்தைக் கூட்டும்போது குண்டு திருகுவரியைப் பிடிக்காமல் நழுவிவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. உங்கள் குழலின் 66 அங்குலத் திருகு உருண்டைக் குண்டுக்கென்றே வெட்டப்பட்டது. எனவே குழலைச் சந்தேகிக்க இப்போதைக்குக் காரணமில்லை.

இந்தச் சுழற்சியைக் குண்டுக்குக் கொடுப்பது ஈயமும் இரும்பும் நேரடியாகத் தொடுவதல்ல, இடையில் இருக்கும் துணிதான். குழலின் உட்சுவரில் மேடும் பள்ளமுமாகத் திருகுவரிகள் ஓடுகின்றன. துணி அந்தப் பள்ளங்களில் அழுந்தி நிரம்பும்; குண்டை இறுகப் பிடிக்கும்; வெடிக்கும் வாயு முன்புறம் கசியாமல் அடைக்கும்; மசகைக் குழல் முழுவதும் தடவிச் செல்லும்; குழல்வாயைத் தாண்டியதும் காற்றில் விரிந்து குண்டை விட்டு விலகிவிடும். இந்த வேலைகளில் ஒன்று தவறினாலும் இலக்கில் அது தெரியும்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். .50 காலிபர் என்றால் மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு 0.500 அங்குலம். பள்ளத்தின் ஆழம் ஒரு பக்கத்துக்கு 0.010 அங்குலம் என்று கொண்டால், பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளத்துக்கு 0.520 அங்குலம். பெரும்பாலோர் வாங்கும் 0.490 அங்குலக் குண்டை 0.010 அங்குலத் துணியில் சுற்றினால், இரு பக்கமும் சேர்த்து 0.510 அங்குலம்தான் வரும். பள்ளத்தில் ஒவ்வொரு பக்கமும் ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம் வெற்றிடமாக நிற்கும். அந்த இடைவெளி வழியாகத் தீச்சுவாலை துணியைத் தாண்டிப் பாயும், துணி கருகும், குண்டு பிடிமானம் இழக்கும். அதே குண்டை 0.018 அங்குலத் துணியில் சுற்றினால் 0.526 அங்குலம். இப்போது பள்ளத்தின் அடிவரை துணி எட்டிச் சற்று நசுங்கவும் செய்கிறது. மேட்டின் மேலோ 0.018 அங்குலத் துணி ஏறக்குறைய 0.005 ஆக நசுங்க வேண்டியிருக்கிறது. நல்ல பருத்தித் துணி அதைத் தாங்கும். மென்மையான ஈயமும் அந்த இடத்தில் சற்று இணங்கும். சில தயாரிப்பாளர்கள் 0.016 அங்குல ஆழத்துக்கு வட்டமான பள்ளம் வெட்டுகிறார்கள். அத்தகைய குழலில் பள்ளத்துக்குப் பள்ளம் 0.532 அங்குலம் வரும், அங்கே 0.495 அங்குலக் குண்டும் 0.020 அங்குலத் துணியும் சேர்ந்து 0.535 ஆகித்தான் பள்ளத்தை அடைக்கும். ஆகவே முதலில் உங்கள் குழலின் பள்ள ஆழத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டறியுங்கள். அது தெரியாமல் துணி வாங்குவது பாத அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதைப் போன்றது.

துணியின் தடிமனைக் கடைக்காரர் சொல்லை நம்பித் தீர்மானிக்கக் கூடாது. துணியைச் சோப்பு நீரில் துவைத்துக் கஞ்சியை முழுவதும் போக்கி, உலர்த்தி, மைக்ரோமீட்டரில் வைத்து நன்றாக இறுக்கி அளக்க வேண்டும். தளர்வாக அளந்தால் 0.022 என்று காட்டும் துணி இறுக்கியதும் 0.016 ஆகிவிடக்கூடும். எல்லாத் துணிகளையும் ஒரே இறுக்கத்தில் அளப்பதுதான் முக்கியம். அப்போதுதான் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடியும். முழுப் பருத்தி மட்டுமே பயன்படும். பாலியெஸ்டர் கலந்த துணி சூட்டில் உருகிக் குழலில் ஒட்டும். தலையணை உறைக்குப் பயன்படும் ‘டிக்கிங்’ என்ற நெருக்கமான நெசவுத் துணியும், ‘டிரில்’ துணியும், சற்றுத் தடித்த தேவைக்கு டெனிமும் பல தலைமுறைகளாகச் சோதிக்கப்பட்டவை. தளர்ந்த நெசவுள்ள துணி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மேடுகளுக்கும் ஈயத்துக்கும் நடுவே அகப்பட்டு வெட்டுப்பட்டுவிடும். தடிமனைக் காட்டிலும் நெசவின் நெருக்கம் முதன்மையானது என்பதே என் கருத்து.

இனி, சுட்டு விழுந்த துணிகளைப் படிப்பது. இதைச் செய்யாமல் லோடு, அதாவது குண்டு, துணி, மருந்து ஆகியவற்றின் சரியான சேர்க்கை, தேடுகிறவர்கள் கையில் இருக்கும் சாட்சியைக் கேட்காமலே தீர்ப்பு எழுதுகிறார்கள். சுடுதளம் பாதுகாப்பாக ஆன பிறகு, குழல்வாய்க்கு முன்னால் சில கஜத் தொலைவில் தரையைத் தேடினால் துணிகள் கிடைக்கும். நல்ல துணி முழுமையாக இருக்கும். நடுவில் குண்டு அமர்ந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம், அதைச் சுற்றித் திருகுவரிகளின் அச்சு சீரான இடைவெளியில் தெரியும். ஓரம் சற்றுப் பிசிறியிருக்கலாம். அதை மறுபடி பயன்படுத்தலாமோ என்று எண்ணத் தோன்றும் அளவுக்கு அது இருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்துவிட்டது.

வட்டத்தின் விளிம்பில், குண்டின் இடுப்பு அமரும் இடத்தில், வரிசையாகக் கீறல்கள் இருந்தால் துணி வெட்டுப்படுகிறது. வெட்டுவது எங்கே என்று கண்டறிய எளிய வழி உண்டு: மருந்தில்லாத வெறுங்குழலில் துணி சுற்றிய குண்டை வாயிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் இறக்கி, திருகு முனையுள்ள குண்டுபிடுங்கியால் திரும்ப எடுத்துத் துணியைப் பாருங்கள். அப்போதே கீறல் இருந்தால் குழல்வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. நுண்ணிய எமரித் தாளைக் கட்டைவிரல் நுனியில் வைத்து, அதைக் குழல்வாயில் அழுத்திச் சுழற்றி, துப்பாக்கியையும் அவ்வப்போது கால் சுற்று திருப்பிக்கொண்டே மெருகேற்றினால் அந்தக் கூர்மை சீராக வட்டமடையும். கீறல் அப்போது இல்லை, சுட்ட துணியில் மட்டும் இருக்கிறது என்றால் புதுக் குழலின் மேடுகளுடைய விளிம்புகள் இன்னும் கூராக உள்ளன என்று பொருள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நிற நாரைச் சலாகையின் (குண்டைக் குழலுக்குள் தள்ளும் கோலின்) நுனியில் சுற்றி எண்ணெயோடு சில பத்து முறை ஏற்றி இறக்கினால் அது தணியும். அல்லது நூறு இருநூறு குண்டுகள் சுட்டு முடிக்கும்போது தானாகவே தணியும். புதுத் துப்பாக்கியின் முதல் சில மாதக் குரூப்களை வைத்து அதன் தகுதியைத் தீர்மானிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

துணியின் ஓரம் கருகியிருந்தால் வாயு பக்கவாட்டில் கசிகிறது; தடித்த துணி அல்லது பெரிய குண்டு வேண்டும். நடுவிலேயே ஓட்டை எரிந்திருந்தால் மசகு போதவில்லை, அல்லது மசகிட்டு நெடுநாள் கிடந்த துணி இழை நலிந்துவிட்டது. துணி கந்தலாகக் கிடைத்தால், அல்லது தேடியும் கிடைக்காமல் இழை இழையாகப் போயிருந்தால், அன்றைய இலக்குத் தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள். இதில் ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே மசகிட்ட கம்பளி வட்டு ஒன்றை, இடைவெளி சிறிதும் இல்லாமல், மருந்தின் மேல் படிய அமர்த்திச் சுடுங்கள். குரூப் உடனே சுருங்கினால் குற்றவாளி துணிதான் என்பது உறுதியாகிவிடும். அந்த வட்டு சுவாலையைத் தான் வாங்கிக்கொண்டு துணியைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் பிறகு வட்டோடே தொடர்வதா, துணியைத் திருத்துவதா என்பது உங்கள் விருப்பம். துணியைத் திருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். காட்டில் நின்று கெட்டிக்கும்போது கையாள வேண்டிய பொருள் ஒன்று குறையும்.

மசகைப் பற்றி ஆளுக்கொரு கட்சி உண்டு. மாட்டுக்கொழுப்பு, தேன்மெழுகோடு கலந்த ஆலிவ் எண்ணெய், நீரோடு கலக்கும் பாலிஸ்டால் எண்ணெய், இலக்குப் போட்டிகளில் வெறும் உமிழ்நீர் என எல்லாமே வேலை செய்கின்றன. சாதாரண எந்திர எண்ணெய் மட்டும் வேண்டாம். அது கருமருந்தின் எச்சத்தோடு சேர்ந்து தார் போல இறுகும். எந்த மசகு என்பதைவிட ஒவ்வொரு துணியிலும் அதே அளவு மசகு இருக்கிறதா என்பதே குரூப்பைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் பாலிஸ்டாலை நீரில் கலந்து, துணியை அதில் தோய்த்து, சமதளத்தில் பரப்பி உலரவைக்கும் முறை பலருக்குப் பிடித்திருக்கிறது. நீர் ஆவியாகிவிட, எண்ணெய் ஒரே சீராகத் துணியில் தங்கும். நீரின் விகிதத்தை மாற்றுவதன் மூலம் வழுக்கலைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆனால் உமிழ்நீர் வேட்டைக்கு உதவாது. பல மணி நேரம் கெட்டித்த துப்பாக்கியோடு காத்திருக்கையில் அது உலர்ந்துபோகும், ஈரம் மருந்தையும் கெடுக்கும், குழலிலும் துரு ஏறும்.

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக எஞ்சுகிறது. அந்த எச்சம் குழலில் படிகிறது. மூன்றாவது குண்டு இறங்கும் குழல் முதல் குண்டு இறங்கிய குழல் அல்ல. வறண்ட குளிர்காலக் காற்றில் எச்சம் கெட்டியாகிச் சலாகையை முறிக்கும் அளவுக்குப் பிடிக்கும். ஈரக் காற்றில் குழைந்து கிடக்கும். எனவே ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு, சற்றே ஈரமான துணி ஒன்றை ஒருமுறை உள்ளே செலுத்தி எடுத்து, உலர்ந்த துணி ஒன்றால் துடைத்துவிடுவது சோதனைக் காலத்தில் கட்டாயம். சொட்டச் சொட்ட நனைத்தால் எச்சம் கரைந்து அடிக்கு வழிந்து, வெளியிலிருந்து மருந்துக்குத் தீ செல்லும் தீத்துளையை அடைத்துவிடும். சக்கிமுக்கித் துப்பாக்கியில், பற்றவைக்கும் மருந்தை வைக்கும் வெளிக் கிண்ணமான வட்டிலில் மட்டும் தீ எரிந்து குழலுக்குள் தீ ஏறாமல் போகும் சம்பவங்களில் பெரும்பங்கு இவ்வாறு உண்டாவதே. துடைப்பதில் இன்னொரு பயனும் உண்டு: குழலின் அடியில் கனன்றுகொண்டிருக்கும் துணுக்கு ஏதேனும் இருந்தால் அடுத்த மருந்து விழுமுன் அது அணையும்.

குண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சுத்தமான மெல்லீயமே வேண்டும். பழைய கார்ச் சக்கர எடைக்கட்டிகளை உருக்கி வார்த்தால் அதிலிருக்கும் ஆன்டிமனி காரணமாகக் குண்டு கடினப்பட்டுத் துணிக்கு இணங்காது. 0.490 அங்குலத் தூய ஈயக் குண்டு ஏறக்குறைய 177 கிரெயின் எடை இருக்கும். சொந்தமாக வார்ப்பவர்கள் தராசில் நிறுத்து, கூட்டத்திலிருந்து ஒரு கிரெயினுக்கு மேல் குறைகிறவற்றை மறுபடி உருக்கிவிட வேண்டும். எடை குறைந்த குண்டின் வயிற்றில் காற்றுக்குமிழி இருக்கும். வார்ப்புக் காம்பு வெட்டிய தட்டையான இடம் எப்போதும் மேல்நோக்கி, குழல்வாய்க்கு நடுவில் இருக்கும்படி வைத்துக் கெட்டியுங்கள். ஈயம் உருக்குவது திறந்தவெளியில், தண்ணீர் அருகில் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். கையைக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

இப்போது மருந்து. உண்மையான கருமருந்து மட்டுமே. புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை விழுந்தாலும் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகக்கூடும், இதில் விதிவிலக்கே கிடையாது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் தீப்பற்ற அதிக வெப்பம் கேட்பவை. அடித்தால் வெடிக்கும் சிறு மூடியான கேப் வைத்த துப்பாக்கிகளில் அவை ஓடினாலும் சக்கிமுக்கிக்கு ஏற்றவையல்ல. துகளின் அளவை எஃப் எழுத்துகளால் குறிக்கிறார்கள். எழுத்து கூடக்கூடத் துகள் நுண்மையாகும். .50 காலிபருக்கு இரண்டு எஃப், மூன்று எஃப் இரண்டுமே பயன்படும். மூன்று எஃப் வேகமாக எரியும், எச்சம் குறைவு, சக்கிமுக்கியில் தீயை விரைவாக வாங்கும். ஆனால் அதே அளவுக்கு அழுத்தமும் வேகமும் அதிகம். கோயெக்ஸ் என்ற தயாரிப்பிலிருந்து ஸ்விஸ் என்ற தயாரிப்புக்கு மாறினாலும் அதே அளவில் வேகம் கூடும். எனவே துகளையோ தயாரிப்பையோ மாற்றினால் அளவைக் குறைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

எங்கே தொடங்குவது என்பதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: காலிபர் எண் எதுவோ அத்தனை கிரெயின். உங்களுக்கு அது 50 கிரெயின், ஏறக்குறைய 3.2 கிராம். அங்கிருந்து ஐந்தைந்து கிரெயினாக ஏறிச் செல்லுங்கள். குழலைச் செய்தவர் அச்சிட்டுத் தந்திருக்கும் உச்ச அளவே உங்கள் எல்லை, அதற்கு மேல் ஒரு கிரெயினும் இல்லை. பல .50 காலிபர் குழல்களில் குரூப் ஒரு முறை 55க்கும் 70க்கும் நடுவே எங்கோ சுருங்கும், பிறகு விரிந்து, 75க்கும் 90க்கும் நடுவே இன்னொரு முறை சுருங்கும். முதலாவதை இலக்குக்கும் இரண்டாவதை வேட்டைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். எந்த எண்ணில் சுருங்கும் என்பதை உங்கள் குழல்தான் சொல்ல வேண்டும். மற்றவருடைய எண் உங்களுக்குத் தொடக்கக் குறிப்பாக மட்டுமே பயன்படும்.

மருந்தை, அதை எடுத்துச் செல்லும் கொம்பிலிருந்தோ குடுவையிலிருந்தோ நேரடியாகக் குழலில் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு பொறி எஞ்சியிருந்தால் கையிலிருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும். தனி அளவைக் குழாயில் ஊற்றி, கொம்பை மூடி வைத்துவிட்டு, பிறகே குழலில் கொட்டுங்கள். அளவைக் குழாயை நிரப்பும் விதமும் ஒரே மாதிரி இருக்கட்டும்: வழிய ஊற்றி, அதே எண்ணிக்கையில் தட்டி, மேலே வழித்துவிடுங்கள். அடுத்து, குண்டு மருந்தின் மேல் நன்றாக அமர்ந்திருக்க வேண்டும். நடுவழியில் நிற்கும் குண்டுக்கும் மருந்துக்கும் இடையிலான வெற்றிடம் குழலைப் புடைக்கச் செய்யும், பிளக்கவும் செய்யும். சரியாகக் கெட்டித்த நிலையில் சலாகையில் குழல்வாய் மட்டத்துக்கு ஒரு கோடு கீறி வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பார்வையில் அதைச் சரிபார்க்கலாம். அமர்ந்த பிறகு சலாகையைத் தூக்கித் தூக்கி இடிக்க வேண்டாம்; மருந்துத் துகள் நொறுங்கி எரியும் வேகம் மாறும், குண்டின் முகமும் நசுங்கும். ஒரே சீரான அழுத்தம் ஒருமுறை போதும். இந்த வேலை முழுவதும் முகமும் உடலும் குழல்வாய்க்கு நேராக வரக் கூடாது.

சக்கிமுக்கி என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல் மழுங்கியிருந்தாலோ தீத்துளை அடைபட்டிருந்தாலோ, விசையை இழுப்பதற்கும் வெடிப்பதற்கும் இடையிலான நேரம் குண்டுக்குக் குண்டு மாறும். அந்த நேரத்தில் குறி அசையும். பழி லோடின் மேல் விழும். நீங்கள் சொல்லும் ஆறு அங்குலத்தில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். சோதனை நாளில் கூரான கல், ஒவ்வொரு முறையும் மெல்லிய ஊசியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தல், வட்டிலில் துளையை மூடாத அளவுக்கு நான்கு எஃப் மருந்து கொஞ்சம், இவை மூன்றும் மாறாமல் இருக்கட்டும். வட்டிலில் மருந்து துளையை மூடிக் குவிந்திருந்தால் அது திரி போல எரிந்து பிறகே உள்ளே பற்றும். துளையை மூடாமலிருந்தால் சுவாலை நேரே உள்ளே சென்று பற்றும். எப்போதாவது வட்டில் எரிந்தும் துப்பாக்கி வெடிக்காவிட்டால், குழலை இலக்கின் பக்கமே நீட்டி ஒரு நிமிடமாவது அசையாமல் காத்திருங்கள்.

சோதனை செய்யும் முறையில் இரண்டு கண்டிப்புகள் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு முடிவுக்கு ஐந்து குண்டுகளுக்குக் குறைவாகச் சுடாதீர்கள். மூன்று குண்டுகள் ஒரே துளைபோல் விழுந்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் அதே லோடில் பத்து சுட்டால் வியந்துபோவார்கள். மூன்றில் கிடைக்கும் சிறிய குரூப்புக்குத் தற்செயலின் பங்கு மிக அதிகம். அளவுகள் நெருக்கமாக இருக்கும் இரண்டு லோடுகளை அதைக் கொண்டு தரம் பிரிக்கவே முடியாது. 25 கஜத்தில் மணல்மூட்டையின் மேல் வைத்துத் தொடங்குங்கள். நீண்ட மெல்லிய மரக்கட்டையுள்ள ரைஃபிள் எந்த இடத்தில் தாங்கப்படுகிறது என்பதைப் பொறுத்துக் குண்டு விழும் இடம் மாறும். எனவே காட்டில் உங்கள் இடக்கை தாங்கும் இடத்தையே மூட்டையின் மேல் வையுங்கள், குழலை ஒருபோதும் மூட்டை தொடக் கூடாது. முதல் நாள் துணிகளை மட்டும் மாற்றிப் பாருங்கள்: 60 கிரெயின் மருந்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு 0.015, 0.018, 0.020 அங்குலத் துணிகள். பிறகு தேவைப்பட்டால் 0.495 அங்குலக் குண்டோடு அதே துணிகள். விழுந்த துணி முழுமையாக வரும் சேர்க்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மருந்தை ஏற்றத் தொடங்குங்கள். மருந்து கூடும்போது துணி மறுபடி கருகத் தொடங்கினால் அந்தச் சேர்க்கையின் எல்லை அங்கேதான். ஒவ்வொரு தாளிலும் தேதி, குண்டு, துணி, மசகு, மருந்து, வானிலை ஆகியவற்றை எழுதி, அன்று விழுந்த துணி ஒன்றையும் அதன் மூலையில் குத்தி வைப்பது மிகவும் பயன் தரும் பழக்கம்.

நல்ல சேர்க்கை கிடைத்தால் தொலைநோக்கி இல்லாத திறந்த குறிகளோடு 50 கஜத்தில் இரண்டு அங்குலத்தை ஒட்டிய குரூப் எதிர்பார்க்கலாம். அதன் பிறகு 100 கஜத்துக்குச் செல்லுங்கள், ஆனால் காற்றில்லாத நாளில். உருண்டை வடிவம் காற்றில் வேகத்தை மிக விரைவாக இழக்கும். நொடிக்கு 1,800 அடியில் புறப்படும் .50 குண்டு 100 கஜத்தில் 1,050 அடிக்கு அருகில் வந்துவிடும். மணிக்கு பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அந்தத் தொலைவில் அதைப் பத்து அங்குலம் அளவில் தள்ளிவிடும். காற்று வீசும் நாளில் 100 கஜத்தில் லோடு தேடினால் நீங்கள் அளப்பது காற்றைத்தான். மருந்தைக் கூட்டி இதை வெல்லலாம் என்றும் எண்ண வேண்டாம். வேகமாகப் புறப்படும் உருண்டையைக் காற்று இன்னும் அதிகமாகத் தடுக்கும். கூடுதலாகப் போட்ட மருந்தின் பயனில் பெரும்பகுதி முதல் ஐம்பது கஜத்திலேயே தீர்ந்துவிடும். அறம் சார்ந்தும் இது முக்கியம்: மானைக் காயப்படுத்தி விரட்டாமல் உடனே வீழ்த்தும் தொலைவு உங்கள் குரூப்பும் குண்டின் எஞ்சிய வேகமும் சேர்ந்து அனுமதிக்கும் தொலைவுதான், திறந்த குறியுள்ள .50 உருண்டைக் குண்டுக்கு அது பலருக்கு 75 கஜத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

குறிகளைத் திருத்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். லோடு முடிவாகும் முன்பு முன்குறியை அரத்தால் ராவிவிட்டால், பிறகு மருந்து மாறும்போது ராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. குண்டு தாழ்வாக விழுந்தால் முன்குறியைச் சிறிது சிறிதாக ராவ வேண்டும். இடது வலது பிழைக்குப் பின்குறியைக் குண்டு செல்ல வேண்டிய பக்கமாகத் தட்டி நகர்த்த வேண்டும். வேட்டைக்கென்று குறி வைப்பவர் சுத்தமான, எண்ணெய் முற்றிலும் துடைத்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைத் தனித்தனி நாட்களில் சுட்டுக் குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்கே குறிகளை அமைக்க வேண்டும். மான் உங்களுக்குத் தரப்போவது பெரும்பாலும் அந்த ஒரு குண்டுக்கான நேரத்தை மட்டுமே. லோடு அமைந்த பிறகு அதே துணிச்சுருளிலிருந்து இன்னும் சில கஜமும், அதே தொகுதி எண்ணுள்ள மருந்து இன்னும் ஓரிரு டப்பாவும் வாங்கி வைத்துவிடுங்கள். புதிய தொகுதி மருந்து வரும்போது ஐந்து கிரெயின் இறங்கி இரண்டு மூன்று குரூப் சுட்டுப் பார்த்தால் போதும். புதிய துணி வரும்போது மட்டும் மைக்ரோமீட்டரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.